புகையில் மறைந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒளி



அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு விறகு அடுப்பில் சமைத்தவர்கள், அன்று இரவு மூக்கைச் சிந்தும்போது கைக்குட்டையில் கறுப்பு ஒட்டுவதைப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு அது வருஷத்தில் ஒரு நாள். நம் புறநோயாளிப் பகுதிக்கு வருகிற தாய்மார்களில் பலருக்கோ அது தினமும் இருவேளை. பீடியையோ சிகரெட்டையோ ஒருநாளும் தொடாத அவர்களுடைய உடலுக்குள் எவ்வளவு புகை போயிருக்கிறது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது, பார்த்த மாத்திரத்தில் நமக்கும் தெரியாது.

கரி கறுப்பாயிருப்பதால் அதைக் காண்கிறோம். ஆனால் அந்தக் கரிக்குள் இருக்கும் கொடிய பொருள்களில் ஒன்று கறுப்பே அல்ல. சுத்தமாகப் பிரித்தெடுத்தால் அது வெளிர்மஞ்சள் பளிங்கு. சுவரிலுள்ள கறுப்பைக் கழுவிவிட்டால் அதுவும் போய்விட்டதா, கரி படியாத அறையின் காற்றில் அது இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய முறை ஒன்று உண்டு. சரியான கதிரை அதன்மேல் பாய்ச்சினால் அப்பொருள் தானே ஒளிவிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒளியைப் பின்தொடர்ந்து அதை முதன்முதலில் பிடித்தவர்கள், ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பதற்கென்று தொடங்கப்பட்ட ஒரு மருத்துவமனையின் ஆய்வாளர்கள். ஆகையால் அதை நம் பங்காளர்களுக்குச் சற்று விளக்கமாக எழுதலாம் என்று எண்ணினோம்.

மணமில்லாத 'மணப்பொருள்கள்'

வேதியியலார் இக்குடும்பத்தை அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்கிறார்கள். அரோமா என்றால் நறுமணம். முதலில் அறியப்பட்ட சில பொருள்களுக்கு மணம் இருந்ததால் வந்த பெயர் இது. இன்று பெயருக்கும் மணத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையம்தான் குடும்ப அடையாளம். ஒரே வளையம் கொண்டது பென்சீன். இரண்டு வளையங்கள் ஒட்டியது நாப்தலீன், அதாவது துணி அலமாரியில் நாம் போடுகிற பாச்சை உருண்டை. நான்கு வளையங்கள் கொண்டது பைரீன். ஐந்து கொண்டது பென்சோ பைரீன்: 20 கார்பன், 12 ஹைட்ரஜன், அவ்வளவுதான். விறகு, சாணி வறட்டி, நிலக்கரி, டீசல், புகையிலை, பழைய டயர், எது அரைகுறையாக எரிந்தாலும் இவை உண்டாகின்றன. நேரடித் தீயில் வாட்டிய இறைச்சியிலும் கொஞ்சம் இருக்கும்.

இவற்றை நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்ற நம் உடல் முயலுகிறது. அந்த முயற்சியின் நடுவிலேயே பென்சோ பைரீன் இன்னும் துடுக்கான ஓர் உருவத்தை அடைந்து, செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருளாகிய டிஎன்ஏயில் போய் ஒட்டிக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் அதை வைத்திருக்கிறது. வீட்டுக்குள் எரிக்கும் நிலக்கரியின் புகையும் அதே வகுப்பு. விறகு, வறட்டி ஆகியவற்றின் புகைக்கு அடுத்த வகுப்பு, அதாவது 'அநேகமாக உண்டாக்கக்கூடியது'. (இருமலும் மூச்சிரைப்பும் பெரும்பாலும் புகையிலுள்ள நுண்தூசியால் வருபவை. இங்கே நாம் சொல்வது பல வருஷங்கள் கழித்துத் தலைகாட்டும் தீமையை.)

எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஓர் உதாரணம். இந்திய அரசு 2009இல் வெளியிட்ட காற்றுத் தர அளவின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பென்சோ பைரீன் ஆண்டுச் சராசரியாக 1 நானோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். இதை நிறுக்கும் தராசுக்கு எங்கே போவது?

ரூபாய் நோட்டும் ஊதா விளக்கும்

கடைக்காரர் 500 ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழே பிடித்துப் பார்ப்பது நமக்குப் பழகிய காட்சி. நோட்டின் எண்களும் சில இழைகளும் அங்கே பளிச்சிடுகின்றன. அந்த விளக்கிலிருந்து வருவதில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். மையிலுள்ள மூலக்கூறு அதை விழுங்கி, கொஞ்சத்தை வெப்பமாக இழந்து, மீதியைக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருகிறது. இதற்கு ஒளிர்தல் என்று பெயர். விளக்கை அணைத்தால் இதுவும் அக்கணமே அணைந்துவிடும். சில பொருள்கள் விளக்கு அணைந்த பின்னும் சற்று நேரம் ஒளிவிடும், அது நின்றொளிர்தல். மலேரியாவுக்குக் கொடுத்துவந்த கொயினாவின் கரைசல் வெயிலில் நீலமாக மினுங்குவதை ஜான் ஹெர்ஷல் 1845இல் எழுதிவைத்தார். 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் காரணத்தை விளக்கி அதற்கு ஆங்கிலப் பெயரும் சூட்டினார்.

கார்பன் வளையங்கள் பல ஒட்டிய மூலக்கூறுகள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். எந்தக் கதிரை விழுங்கும், எந்த நிற ஒளியை வெளிவிடும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. கைரேகைபோல அது உதவும். மிகச் சிறிய அளவும் அகப்படுவதன் காரணம் எளிது. நூறு விளக்கு எரிகிற கல்யாணப் பந்தலில் ஒன்று சற்று மங்கினால் யாருக்குத் தெரியும்? அமாவாசை இரவில் வயல் நடுவே ஓர் அகல் எரிந்தால் அரை மைலுக்கு அப்பால் தெரியும். பொருள் எவ்வளவு ஒளியைத் தடுத்தது என்று பார்க்கும் முறை முதலாவது போன்றது. ஒளிர்தல் முறை இரண்டாவது.

லண்டனில் நடந்த தேடல்

1775இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதினார். சிறு பையன்களாயிருக்கையிலேயே குறுகலான புகைபோக்கிகளுக்குள் ஏற்றப்பட்டவர்கள் அவர்கள். தோல் மடிப்புகளில் படிந்த கரிதான் காரணம் என்று பாட் சொன்னார். ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் இவ்வளவு தெளிவாக முடிச்சுப்போட்டவர் அவருக்கு முன் இல்லை எனலாம். அதே மருத்துவமனையின் ஹென்றி பட்லின் 1892இல் ஐரோப்பாவின் மற்ற நாட்டுத் தொழிலாளரோடு ஒப்பிட்டுப் பார்த்து, உடலை மூடும் உடையும் நன்றாகக் கழுவும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இந்நோய் அரிது என்று காட்டினார். நஞ்சின் பெயர் தெரியாத காலத்திலேயே சோப்பும் தண்ணீரும் அதைத் தடுத்திருக்கின்றன!

1915இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் நிலக்கரித் தாரை முயல்களின் காதில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். தாரில்தான் ஏதோ இருக்கிறது என்று உறுதியாயிற்று. ஆனால் தார் என்பது ஒரு பொருளா? எத்தனையோ பொருள்களின் குழம்பு அது. குற்றவாளி யார்?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது லண்டன் ஃபுல்ஹாம் சாலையிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வு நிலையம். 1851இல் வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர் ஏழைகளுக்கென்று தொடங்கிய இலவச மருத்துவமனை அது. அங்கே எர்னஸ்ட் கென்னவே, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள எளிய வாயுக்களையும் திரவங்களையும் மிகுந்த சூட்டில் காய்ச்சிச் செயற்கைத் தார் உண்டாக்கினார். அதுவும் புற்றுநோயை வருவித்தது. ஆக, குற்றவாளி ஒரு ஹைட்ரோகார்பன். ஆர்செனிக் முதலான வேறு எதன் மேலும் பழி போட வேண்டியதில்லை.

அடுத்த அடி எடுத்துவைக்க வழி தெரியாமல் இருந்தது. தாரைப் பல பகுதிகளாகப் பிரிக்கலாம். எந்தப் பகுதியில் நஞ்சு இருக்கிறது என்று அறிய ஒவ்வொன்றையும் சுண்டெலிகளின் தோலில் பூசி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதை மறுபடி பிரித்தால் மறுபடியும் அத்தனை மாதம். இப்படியே போனால் ஒரு மனிதனின் ஆயுள் போதாது. அப்போதுதான் அங்கிருந்த இயற்பியல் அறிஞர் மேனியோர்ட், புற்றுநோய் உண்டாக்கும் தார்கள் புறஊதாக் கதிரில் ஒளிரும்போது அந்த ஒளியில் குறிப்பிட்ட சில பட்டைகள் தெரிவதைக் கவனித்தார். அவை சுமார் 400, 418, 440 நானோமீட்டர் அலைநீளத்தில் இருந்தன. இஸ்ரேல் ஹீகர் இதை விரிவாக ஆராய்ந்து 1930இல் வெளியிட்டார். தாரின் எந்தப் பகுதியில் இந்தப் பட்டைகள் பலமாகத் தெரிகின்றனவோ அதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கலாம். மாதக்கணக்கான காத்திருப்பு விளக்கின் முன் சில நிமிஷ வேலையாயிற்று. எலிச் சோதனையைக் கைவிடவில்லை. ஆனால் வழிகாட்டியாக முன்னே சென்றது ஒளிதான்.

அந்த வழியில் 1930இல் கென்னவேயும் ஹீகரும் டைபென்சாந்திரசீன் என்ற சுத்தமான ஹைட்ரோகார்பன் தனியாகவே புற்றுநோய் உண்டாக்குவதைக் காட்டினர். அப்படிக் காட்டப்பட்ட முதல் சுத்தமான பொருள் அதுவே. எனினும் அதன் ஒளிப்பட்டைகள் தாரின் பட்டைகளோடு சரியாகப் பொருந்தவில்லை. தாருக்குள் இருப்பது வேறொன்று என்று ஒளி சொன்னது. அவர்களும் அதை நம்பித் தேடலை நிறுத்தாமல் போனார்கள். இங்கேதான் அவர்களுடைய பொறுமையை மெச்ச வேண்டும். எரிவாயு ஆலையிலிருந்து இரண்டு டன் கீலை வரவழைத்தார்கள். (நோவாவின் பேழைக்குப் பூசியதாக நாம் வாசிக்கும் அதே சொல்தான். இந்தக் கீல் நிலக்கரித் தாரை வடித்தபின் அடியில் தங்கும் கசடு.) அதை வடித்து, கரைத்து, பளிங்காக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் விளக்கில் காட்டி, கடைசியில் உள்ளங்கையில் அடங்கும் அளவு மஞ்சள் பளிங்கைப் பெற்றார்கள். அதுதான் பென்சோ பைரீன். குக், ஹியூவெட், ஹீகர் மூவரும் 1933இல் அதை அறிவித்தார்கள். பாட் எழுதி 158 வருஷங்கள் ஆகியிருந்தன.

சிறுநீரில் ஒரு சாட்சி

இன்று இரண்டு டன் வேண்டாம். காற்றை ஒரு சிறு பம்பு மூலம் வடிதாளில் இழுத்து, அதில் படிந்ததைக் கரைத்து, மெல்லிய குழாய் ஒன்றில் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். மையொற்றுத் தாளில் ஒரு துளி மையும் தண்ணீரும் பட்டால் நிறங்கள் தனித்தனியே விலகுமே, அதுபோலக் குழாய்க்குள் கலவை பிரிந்து ஒவ்வொரு பொருளும் தன் முறைக்கு வெளியே வருகிறது. வாசலில் புறஊதா விளக்கும் ஒளி உணரும் கருவியும் காத்திருக்கின்றன. எப்போது ஒளி தெரிந்தது என்பது பொருளின் பெயரையும், எவ்வளவு பிரகாசம் என்பது அளவையும் சொல்லிவிடும்.

ஆனால் காற்றில் இருப்பது வேறு, ஒருவரின் உடலுக்குள் போவது வேறு. தார்ச் சாலை போடுகிறவர் கையுறை இல்லாமல் வேலை செய்தால் தோல் வழியாகவும் போகும். ஆகவே சிறுநீரைப் பார்ப்பது நல்லது. பென்சோ பைரீனின் மிச்சம் பெரும்பாலும் மலத்தோடு போய்விடுவதால் அதைச் சிறுநீரில் பிடிப்பது கடினம். அதனோடு எப்போதும் கூடவே பயணம் செய்யும் நான்கு வளையப் பைரீனோ, ஹைட்ராக்சி பைரீனாக மாறிச் சிறுநீரில் வருகிறது, நன்றாகவும் ஒளிர்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த யோங்கெனீலன் முதலியோர் 1980களின் நடுவில் இதை அளக்கும் முறையை ஏற்படுத்தினார்கள். கோக் ஆலை, அலுமினிய ஆலை, சாலைப்பணித் தொழிலாளர்களிடம் உலகெங்கும் இது பயன்படுகிறது. ஓரிரு நாளில் பாதிக்குமேல் வெளியேறிவிடுவதால், சமீபத்திய நாள்களின் கதையை மட்டுமே இது சொல்லும். சென்ற வருஷத்தை இதனிடம் கேட்கக் கூடாது.

அடுப்படிக்கும் இது வந்துவிட்டது. மெக்சிகோவின் சான் லூயிஸ் பொட்டோசி மாநிலத்தில் ஒரு பழங்குடிக் கிராமத்தில் சுவரிலும் கூரையிலும் இருந்த கரியைச் சுரண்டியெடுத்து, மண் தரையை மூடி, புகைபோக்கி வைத்த விறகு அடுப்புகளைக் கட்டிக்கொடுத்தார்கள். முன்னும் பின்னும் சிறுநீரில் ஹைட்ராக்சி பைரீனை அளந்தார்கள். 2008இல் வெளியான முடிவு: குறைந்தது, ஆனால் முற்றும் போகவில்லை. எங்கள் மனதுக்கு இது நல்ல முடிவாகவே படுகிறது. அடுப்பு கட்டிக்கொடுத்து, படம் எடுத்து, 'புகையில்லா வீடு' என்று பலகை மாட்டிவிட்டு வருவது சுலபம். புகைபோக்கி ஆறே மாதத்தில் அடைத்துக்கொண்டதா, மழைக்காலத்தில் ஈர விறகோடு பழைய அடுப்புக்கே திரும்பினார்களா என்பதைப் பலகை சொல்லாது, சிறுநீர் சொல்லிவிடும். எரிவாயு உருளை வந்த வீடுகளிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு எரிவது நமக்குத் தெரியாததா?

ஒளிர்வதெல்லாம் நஞ்சல்ல

அதே கீலிலிருந்து அந்த லண்டன் ஆய்வாளர்கள் இன்னும் சில பொருள்களையும் பிரித்தார்கள். அவற்றில் ஒன்று பென்சோ பைரீனின் உடன்பிறப்பு: அதே 20 கார்பன், அதே 12 ஹைட்ரஜன், ஐந்தாவது வளையம் மட்டும் வேறு பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அதுவும் ஒளிர்கிறது. ஆனால் அதைப் புற்றுநோய்ப் பொருள் என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை. அங்கேயே கிடைத்த பெரிலீனும் அழகாக நீல ஒளி விடும். அதன் நிலையும் அப்படியே. தேயிலைச் சாறும், மக்கிய இலை ஊறிய குளத்து நீரும், வெண்மைக்காகச் சோப்புத் தூளில் சேர்க்கும் பொருளும்கூட ஒளிரும். ஆகவே ஊதா விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு, மினுங்குவதையெல்லாம் விஷம் என்று ஊரைப் பயமுறுத்துவது தவறு. மறுபக்கம், இருக்கிற பொருள் ஒளிராமலும் போகலாம். கரைசலில் கலந்திருக்கும் ஆக்சிஜன் ஒளியை அவித்துவிடும். கலவை அடர்த்தியாயிருந்தால் ஒன்றின் ஒளியை மற்றொன்று விழுங்கிவிடும்.

இதற்காகவே அறிஞர்கள் பல உபாயங்களைக் கண்டார்கள். மாஸ்கோவில் ஷ்போல்ஸ்கி 1952இல், தகுந்த கரைப்பானில் கலந்து திரவ நைட்ரஜனின் குளிரில், அதாவது கழித்தல் 196 டிகிரி செல்சியஸில் உறையவைத்தால், அகலமான மங்கல் பட்டைகள் கூர்மையான கோடுகளாக மாறுவதைக் கண்டார். உடன்பிறப்புகளைப் பிரித்தறிய இது நல்ல வழி. நின்றொளிர்தலையும் பயன்படுத்தலாம், சாதாரணக் கரைசலில் அதை ஆக்சிஜன் அணைத்துவிடும் என்பதால் வடிதாளில் ஊற்றி உலர்த்திப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வோ-டின் முதலியோர் 1980களின் தொடக்கத்தில், வேலை முடிந்த தொழிலாளியின் தோலில் தார் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு கருவி செய்தார்கள். தாரும் புறஊதாக் கதிரும் சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும். அதனால் கதிரை மிகக் குறைவாக, ஒளிக்குழல் வழியே அந்த இடத்தில் மட்டும் காட்டுவது அதன் சிறப்பு.

கடலோரத்தில்

நம் கரையோரச் சபைகளுக்கு இது இன்னொரு விதத்தில் தெரிந்த விஷயம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீனவரும் மாணவரும் வாளியால் அள்ளினார்கள். கச்சா எண்ணெயிலும் கப்பல் எரிஎண்ணெயிலும் இந்த வளையப் பொருள்கள் உண்டு. கடல்நீரில் கரைந்த எண்ணெயை அளக்க ஒளிர்தல் முறையையே யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் தன் கையேட்டில் தந்தது.

மீனைச் சாப்பிடலாமா என்பதுதானே மக்களின் கேள்வி? 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் உடைந்தபோது, பம்பாயில் பட்டம் பெற்ற உஷா வாரணாசியின் தலைமையில் அமெரிக்க அரசின் ஆய்வகம் மீன்களின் பித்தநீரை ஒளிர்தல் முறையில் சோதித்தது. பித்தத்தில் எண்ணெயின் அடையாளம் தெரிந்தது. சதையில் மிகக் குறைவு. மீன் இப்பொருள்களை மாற்றி வெளியேற்றும் திறன் உள்ளது. சிப்பி, மட்டி வகைகளுக்கு அந்தத் திறன் குறைவு, அவற்றில் தங்கிவிடும். எண்ணெய் படிந்த கரையில் சிப்பி பொறுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இந்தக் கருவி நம்முடையது போன்ற கிராம மருத்துவமனைகளில் இருப்பதில்லை. பெரிய ஆய்வகங்களில் உண்டு. அங்கே மாதிரி அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. சமைத்த நாளின் மாலை அல்லது வேலை வாரத்தின் கடைசியில் எடுத்த சிறுநீர் நல்லது. வீட்டில் புகைபிடிப்பவர் உண்டா, முந்தின நாள் சுட்ட இறைச்சி சாப்பிட்டார்களா என்று எழுதி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பின் பழியும் பீடியின் பழியும் கலந்துவிடும். இந்தப் பொருள்கள் ஒளியால் ஒளிர்வது மட்டுமல்ல, ஒளிபட்டால் அழியவும் செய்யும். எனவே புட்டியை அலுமினியத் தாளால் சுற்றி, வெளிச்சம் படாமல் பனிப்பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும்.